வீட்டுச் சூழல்

அத்தியாயம் 17

போன வாரம் அண்ணியையும் நாத்தனாரையும் ஓடுகிற பஸ்ஸில் நிற்க வைத்துவிட்டுப் போனோம். பாவம், இந்த வாரமும் அவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அண்ணியின் தோளில் நீளமான ஒரு துணிச் சுருள். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் சுருளையும் பிடித்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் "பாத்துங்க, பரீட்சைக்குப் போற சாமான்" என்று முன்னும் பின்னும் நின்றவர்களை எச்சரித்துக்கொண்டே வந்தாள். யாருக்குப் பரீட்சை என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, "எங்க வீட்டு டீச்சருக்கு" என்று பெருமையாகக் கையைக் காட்டினாள்.

கை காட்டப்பட்ட சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மார்போடு அணைத்திருந்தது ஐந்து நோட்டுகள், காலடியில் இரண்டு அட்டைப் பெட்டிகள். நான்காவது நோட்டில்தான் வினை இருந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவள் ஆறு வயதில் அலமாரிக் கதவுக்குப் பாடம் நடத்தியதைப் பார்த்து அண்ணன் வைத்த பேர் 'டீச்சர்'. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அவளை வளர்த்தது, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, இன்று ஆசிரியர் பயிற்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது எல்லாம் அண்ணிதான். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஊர்த் துணியெல்லாம் தைக்கிற அண்ணி.

இரண்டு வருஷப் பயிற்சிக்கு இன்று கடைசி நாள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நோட்டுகளைப் புரட்டி, நாலு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டால் டீச்சர் நிஜமாகவே டீச்சர். போடாவிட்டால் முழுசாக இன்னொரு வருஷம்.

நான்காவது நோட்டுக்குத் 'தனியாள் ஆய்வு' என்று பேர். பயிற்சிக்குப் போகும் பள்ளியில், படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு வாரம் கவனிக்க வேண்டும். வீட்டுக்கே போய்ப் பெற்றவர்களிடம் பேசி, ஏன் பின்தங்கினான் என்று எழுத வேண்டும். பேரைச் சொல்லாமல் 'மாணவன் அ' என்று போட்டால் போதும்.

சின்னவளும் ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தாள், கடைசி பெஞ்சில். என்ன கேள்வி கேட்டாலும் குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக் கட்டுகிறவன். அவன் வீடு பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்தும் ஒரு மைல். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐந்து வாரம் போனது. ஆறாவது வாரம், திங்கட்கிழமை நோட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வெற்று நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, எதிரே அண்ணன் மகள் தரையில் குப்புறப் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயது. அம்மாவின் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, பட்டன்களை எண்ணித்தான் எந்தக் கூட்டலும். அதனாலேயே வீட்டில் அவளுக்குப் 'பட்டன்' என்று பேர். பத்தைத் தாண்டினால் குழம்பிப் போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

சின்னவள் பேனாவைத் திறந்தாள். பெண்ணை ஆணாக்கினாள். மற்றதெல்லாம் அப்படியே.

அப்படியே என்று எப்படிச் சொல்வது? படிவத்தில் 'வீட்டுச் சூழல்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே 'பின்னடைவுக்கான காரணம்' என்று ஒன்று. நல்ல அப்பா, நல்ல அம்மா, சிரிப்புச் சத்தம் கேட்கிற வீடு என்று எழுதினால் காரணத்துக்கு எங்கே போவது? அவள் ஒரு காரணத்தை உண்டாக்கினாள். அதைத்தான் ஒரு மாதமாக நினைத்து நினைத்துக் கூசிக்கொண்டிருந்தாள். "நீங்க வர வேண்டாம் அண்ணி, நானே தூக்கிட்டுப் போறேன்" என்று எத்தனையோ விதமாகச் சொல்லியும் பார்த்தாள். மடியில் கனமில்லை என்றால்தானே வழியில் பயமில்லாமல் இருக்கும்.

"அஞ்சு நோட்டு, ரெண்டு அட்டைப் பெட்டி, இந்தச் சுருள். உனக்கென்ன நாலு கையா?" என்று கேட்டு, தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அண்ணி கிளம்பிவிட்டாள்.

*

பயிற்சிக் கல்லூரிக் கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் முகம் வெளுத்த ஒரு மாணவி. இவள் மேஜை ஏழாவது.

அண்ணி சுருளைப் பிரித்துச் சுவரில் மாட்டினாள். கூடத்தில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். ஆளுயரத் துணியில் முப்பது சின்னச் சின்னப் பைகள். ஒன்றுக்கு மஞ்சள், பத்துக்குப் பச்சை, நூற்றுக்குச் சிவப்பு. மஞ்சள் பையில் பத்துக் குச்சி சேர்ந்தால் கட்டாகக் கட்டிப் பச்சைக்கு மாற்ற வேண்டும். பத்தைத் தாண்டியதும் குழம்புகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி கிடையாது.

"டீச்சர், இந்த ஓரம் கொஞ்சம் சுருங்குது. கசங்காம இழுத்து விடு" என்றாள் அண்ணி.

"டீச்சர்னு கூப்பிடாதீங்க அண்ணி. இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேக்கட்டுமே. சாயங்காலம் வரைக்கும்தானே, அப்புறம் நிஜம்தானே."

அவளுடைய பேராசிரியை சந்தோஷமாக வந்தார். "உன் நாலாவது நோட்டைத்தான் மேல வெச்சிருக்கேன். தேர்வாளர் முதல்ல அதைப் பாக்கட்டும். அந்த வீட்டுக்குள்ளயே போய் உக்காந்து எழுதின மாதிரி எழுதியிருக்கே. ஆபீஸ்ல போய் உன் எண் சீட்டை வாங்கிட்டு வந்துடு, ஓடு."

சின்னவள் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேராசிரியை தள்ளாத குறை. போகும்போது நோட்டை எடுத்துப் போகவும் முடியவில்லை.

ஆபீஸில் வரிசை. எண் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அண்ணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி ஐந்தாவது வரைதான் படித்தவள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் படிப்பாள். விரல் பக்கத்தின் நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் சின்னவளுக்கு மனப்பாடம்.

'மாணவன் அ எட்டு வயதினன். கூட்டும்போது சட்டைப் பொத்தான்களை எண்ணுகிறான்.' விரல் அங்கே நின்றது. அண்ணி முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அட, நம்ம பிள்ளை மாதிரியே ஒருத்தன் என்ற சிரிப்பு. விரல் இறங்கியது. 'தாய் வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். குறைந்த கல்வி உடையவர்.' சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது. 'தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருப்பதே இல்லை.'

அதோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் இதைவிடக் கேவலம். அண்ணி கட்டை விரலால் தாள் ஓரத்தைத் தொட்டாள். புரட்டவில்லை. நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள்.

சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள். பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பூமி என்றைக்குச் சமயத்தில் பிளந்திருக்கிறது?

"கையெழுத்து அழகா இருக்கு" என்றாள் அண்ணி. அவளைப் பார்க்காமல் ஒரு மஞ்சள் பையின் வாயைச் சரிசெய்தாள்.

"அண்ணி..."

"வந்துட்டாங்க பாரு. நிமிந்து நில்லு."

*

தேர்வாளர் அம்மாள் கையில் சிவப்புப் பேனா. ஒவ்வொரு மேஜையிலும் ஆற அமர நின்று பார்த்தார். ஆறாவது மேஜையில் இருந்தவளை எல்லாரும் 'கண்ணாடி' என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு பெரிய கண்ணாடி.

"அந்தப் பையன் வீட்டுக்குப் போனீங்களா?" என்று அவளுடைய தனியாள் ஆய்வைப் புரட்டிக்கொண்டே கேட்டார் தேர்வாளர்.

"போனேன் மேடம்."

"வாசல்ல படி இருந்துதா?"

"இருந்துது மேடம். இல்ல... சமதரைதான் மேடம்."

தேர்வாளர் கோபப்படவில்லை. நோட்டில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். "பிள்ளையைப் பாக்காம பிள்ளையைப் பத்தி எழுதக் கூடாது. அடுத்த வருஷம் வாங்க" என்றார். கண்ணாடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

அடுத்தது ஏழாவது மேஜை.

தேர்வாளர் முதலில் சுவரைப் பார்த்தார். ஒரு பைக்குள் விரலை விட்டுத் தையலைத் தடவினார். "ரெண்டு ஓட்டுத் தையல் போட்டிருக்கே. யார் தைச்சது?"

துணைக்கருவி மாணவி கையாலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. "நான்தான் மேடம்" என்றாள் சின்னவள். சொல்லும்போது அண்ணியின் செருப்பு மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

"நல்லா இருக்கு." தேர்வாளர் நோட்டைத் திறந்தார். படித்தார். புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். "இந்தப் பையனோட அம்மாவும் தையல்காரி. உங்களுக்கும் தைக்கத் தெரியுது." புருவம் ஏறியது. "அந்த வீட்டுல மெஷின் எந்த இடத்துல இருக்கு?"

பதில் தெரியாத கேள்வியா அது? பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மெஷின் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தாள். வாயைத் திறந்து சொன்னால் போதும். ஆனால் இரண்டடி தள்ளி அண்ணி நின்றுகொண்டிருந்தாள். தேர்வாளர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஜன்னலுக்குக் கீழங்க" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தாங்க அந்தப் பிள்ளையோட அம்மா" என்றாள் அண்ணி.

பேராசிரியை வாயில் கை வைத்துக்கொண்டார். தேர்வாளர் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எப்படி இங்க?"

"சாமான் நிறைய இருந்துது. ஒத்தையா தூக்க முடியாதுன்னு கூட வந்தேங்க."

"இவங்க உங்க வீட்டுக்கு வந்து பாத்துத்தான் எழுதினாங்களா?"

"எங்க வீட்டுல உக்காந்துதாங்க எழுதினாங்க."

அண்ணி ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

தேர்வாளர் முகம் இளகிவிட்டது. பேனா மூடியை மாட்டினார். "முப்பது வருஷத்துல இப்படி நான் பாத்ததில்லை. பெத்தவங்களே கூட வர்ற அளவுக்குப் பழகியிருக்காங்களே." அப்புறம் குரலைத் தணித்து, தனக்குத் தெரிந்த நல்லதைச் சொன்னார். "நீங்களும் கொஞ்சம் கவனிக்கணும்மா. பிள்ளை பக்கத்துல வந்தா நிமிந்து பாருங்க. மெஷின் எங்கயும் ஓடிப் போகாது. பிள்ளை வளந்துடும்."

"சரிங்கம்மா" என்றாள் அண்ணி, கையைக் கட்டிக்கொண்டு. திட்டு வாங்குகிற சின்னப் பெண்ணைப் போலத் தலையை ஆட்டினாள்.

'இவங்க என் அண்ணி.' மூன்றே வார்த்தை. சின்னவள் அதை மனசுக்குள் எத்தனை தடவை சொன்னாளோ, ஒரு தடவையும் வெளியே வரவில்லை. பக்கத்து மேஜையில் கண்ணாடி விசும்பிக்கொண்டிருந்தாள். அந்த விசும்பல்தான் இவள் வாயை அடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவளுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். நல்ல பெரிய கையெழுத்து.

பேராசிரியை இவள் முதுகில் தட்டினார். "வெள்ளிக்கிழமை ஜூனியர் வகுப்புல நீ இந்த நோட்டைப் படிச்சுக் காட்டணும். இவங்களையும் கூட்டிட்டு வா. அந்தப் பையனையும் ஒரு மணி நேரம் கூட்டிட்டு வரச் சொல்லும்மா, பிள்ளைங்க பாக்கட்டும்" என்று சொல்லி, நோட்டை இவள் கையிலேயே கொடுத்தார்.

இல்லாத பையனை எந்தக் கடையில் வாங்குவது?

*

திரும்பும்போது பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தது. துணிச் சுருளை நடுவில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"எப்ப எழுதின?" என்று கேட்டாள் அண்ணி.

"போன மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை."

அண்ணி சுருளைத் தடவிப் பார்த்தாள். "நான் இந்தப் பையெல்லாம் தைச்சிட்டிருந்தேனே, அப்பவா?"

"ஆமா அண்ணி."

"முப்பது பை. ஓரம் மடிச்சு, ரெண்டு ஓட்டு. வெளித் துணியெல்லாம் தள்ளி வெச்சுட்டு ஒரு மாசம் அதைத்தான் தைச்சேன். பட்டன் வந்து வந்து கூப்பிட்டா. அத்தைக்குப் பரீட்சை, போய் நீயே எண்ணுன்னு அனுப்பிட்டேன்." சுருளின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிய்த்தாள். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க. வளரலை போலிருக்கு."

"என்னை அடிச்சிடுங்க அண்ணி."

"இந்த வயசுல உன்னை அடிச்சு என் கைதான் வலிக்கும். இறங்கு, நம்ம நிறுத்தம்."

*

வீட்டுக்கு வந்ததும் அண்ணி முகம் கழுவிக்கொண்டு நேராக மெஷினில் உட்கார்ந்தாள். காலையில் பாதியில் விட்ட சட்டை ஊசிக்குக் கீழே அப்படியே இருந்தது. தைக்க ஆரம்பித்தாள். வழக்கமாக, 'டீச்சர், டீ போடு' என்று ஒரு குரல் வரும். வரவில்லை. சின்னவள் தானாகப் போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். டீ ஆறியது.

பட்டன் பள்ளியிலிருந்து வந்து பையைக் கடாசினாள். "அத்தை, பாஸா?"

"ம்."

"அப்பாகிட்ட நான்தான் சொல்வேன். நீ சொல்லக் கூடாது."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நோட்டு மடியில். ஸ்டவ்வில் வைத்துக் கொளுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை ஊருக்கே படிச்சுக் காட்டப் போறே" என்றாள் அண்ணி, தலை நிமிராமல். "முதல்ல எனக்குப் படி."

"அண்ணி, வேண்டாம். கிழிச்சுப் போட்டுடறேன்."

"கையெழுத்துப் போட்டாச்சு, கிழிச்சா என்ன, கிழிக்காட்டா என்ன? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறவ. ஒரு பக்கம்தான் முடிஞ்சுது. மீதியில என்ன இருக்குன்னு தெரியாமயே அந்த அம்மாகிட்ட சரிங்கம்மா, சரிங்கம்மான்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன்."

மெஷின் நின்றது. அண்ணி நூலை அறுத்தாள். சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, சின்னவளுக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுந்திருக்கறதே இல்லன்னு எழுதியிருக்கே. இதோ எழுந்துட்டேன். படி."

அத்தை ஏதோ கதை படிக்கப் போகிறாள் என்று பட்டன் டப்பாவோடு ஓடி வந்து அம்மா மடியில் ஏறிக்கொண்டாள். சின்னவள் நோட்டைத் திறந்தாள். எத்தனை வகுப்பில் எத்தனை பாடம் நடத்தியிருப்பாள், இப்போது முதல் வரியையே விரல் வைத்துத் தேடினாள். இரண்டு தரம் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மாணவன் அ எட்டு வயதினன். கூட்டும்போது... சட்டைப் பொத்தான்களை எண்ணுகிறான்."

பட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் பெரிதாகிவிட்டது.

"அவனும் பட்டன் வெச்சுத்தான் எண்ணுவானா அத்தை?"

சின்னவள் நோட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அவனை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா அத்தை. என் டப்பாவுல பாதி அவனுக்குத் தரேன்."

அவள் அப்போதே டப்பாவைக் கவிழ்த்து, பட்டன்களை இரண்டு பங்காகப் பிரிக்க ஆரம்பித்தாள். கீழே, வாசலில், அண்ணன் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அண்ணி மகளின் தலையைத் தடவிக்கொண்டே நோட்டைப் பார்த்தாள். "பக்கத்தைப் புரட்டு" என்றாள்.